உன் தலையும் உன் அத்தாவின் லீவும்

மகனே, ஸலாம். நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நேற்று ஃபோனில் கேட்ட குரலே போதும், நீ அமோகமாக இருக்கிறாய். லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, உன் பெண்டாட்டியைப் பார்க்கும் திருவாரூர் டாக்டரிடம் பேசியும் முடித்துவிட்டாய். "டியூ டேட் வரைக்கும் காத்திருந்தா நான் திரும்பிப் போயிருப்பேம்மா. அதனால கொஞ்சம் முன்னாடியே வலி வரவெச்சு டெலிவரி பண்ணிடலாம்னு கேட்டேன். டாக்டரும் பார்க்கலாம்னுட்டாங்க" என்றாய். துபாயில் உன் கம்பெனி ஒரு தேசத்துப் பெட்டியை இன்னொரு தேசத்துக்கு அனுப்புகிறது. அதற்கும் டெலிவரி என்றுதான் பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒரே வார்த்தையாக இருப்பதால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. நான் "சரி, வை" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எனக்குப் பேச்சு வராத நாள் ஒன்று உண்டா? பேசினால் நீ பாதியில் "நெட்வொர்க் சரியில்லம்மா" என்பாய். எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது. இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் பெரியத்தா படிக்க வேண்டிய சங்கதிகளும் இதில் இருக்கின்றன.

உன் வலது காதுக்கு மேலே ஒரு வளைந்த தழும்பு இருக்கிறது. முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்பதால் நீ எப்போதும் அந்தப் பக்கம் ஒட்ட வெட்டவிடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நஸ்ரினிடம் "பொறக்கும்போது ஒரு சின்ன ஆபரேஷன்" என்று சொன்னாயாம். அவள்தான் என்னிடம் சொன்னாள். சின்ன ஆபரேஷனா? உன் மண்டை ஓட்டைத் துளைத்து, உள்ளே அமுங்கிப் போயிருந்த எலும்பை நெம்பி எடுத்தார்கள். அப்போது உன் மொத்தத் தலையும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். அது எப்படி அமுங்கியது, யார் அமுக்கினார்கள், எதற்காக என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பிறக்கும்போதே அப்படி என்று ஊர் சொன்னதை, சொந்த ஊர் பெயரை ஒப்புக்கொள்வது போல ஒப்புக்கொண்டுவிட்டாய். பிறக்கும்போதே யாருக்கும் அப்படி இருப்பதில்லை, தம்பி. யாரோ செய்தால்தான் அப்படி ஆகும்.

நீ என் வயிற்றில் இருந்த காலத்தில் நம் ஊருக்குப் பணம் புதிதாக வந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததோ இல்லையோ, வங்கிக்கு ரியாத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஓட்டு வீடுகள் மொசைக் தரைக்கு மாறின, தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்தது, கடைத்தெருவில் கிரானைட் படிக்கட்டு வைத்த ஒரு நர்சிங் ஹோமும் வந்தது. அதன் முன் ஹாலில் வெள்ளைக்காரக் குழந்தைகள் சிரிக்கும் படங்களாக மாட்டியிருந்தார்கள். அங்கே பிறந்த ஒரு குழந்தையின் படம்கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. டாக்டரம்மாவுக்குக் கைராசி என்று ஊரே சொல்லிற்று. உள்ளே போனால் முதலில் கேட்பது "வீட்டுக்காரர் எந்த நாட்டுல இருக்காரு?" என்பதுதான். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம். சவுதி என்றால் சிரிப்பில் ஒரு பல் கூடுதலாகத் தெரியும். இந்த அம்மாளிடம்தான் உன் பெரியத்தா, உன் அத்தாவுக்கு அண்ணன், வீட்டுக்கு மூத்தவர், நாலு பேர் முன்னால் நியாயம் பேசுகிறவர், என்னைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

உன் அத்தா, பெற்ற தகப்பன் அல்லவா, பிரசவத்தின்போது கூட இருக்க வேண்டும் என்று ரியாத்திலிருந்து வந்திருந்தார். அரபி முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய லீவு. வந்ததிலிருந்து தினம் என் வயிற்றைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார். உனக்கோ வெளியே வரும் உத்தேசமே இல்லை. டாக்டரம்மா சொன்ன நாள் இன்னும் வரவில்லை, வலியும் இல்லை. ஒரு நாள் காலையில் பெரியத்தா வந்து, "டாக்டரம்மா உன்ன உடனே அட்மிட் ஆவச் சொன்னாங்க. உள்ள தண்ணி கம்மியா இருக்காம், புள்ளைக்கு ஆபத்தாம்" என்றார். நான் பதறிப்போய்ப் புடவையைக்கூட மாற்றாமல் கிளம்பினேன். உன் அத்தா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். அவருக்கு என்னைவிட அதிகப் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, போகிற வழியில் அந்த மனுஷனுக்கு நான்தான் தைரியம் சொன்னேன்.

ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் வலி வந்தது. வந்தது என்பதைவிட ஏவி விட்டார்கள் என்பதே சரி. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே மூச்சு வாங்க இடமில்லை. மதியம் கடந்தது, பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது, நீ இறங்கவில்லை. டாக்டரம்மா இரண்டு மூன்று தடவை வந்து கைவைத்துப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "முக்கும்மா, நல்லா முக்கு. வீட்டுல செல்லமா வளத்துட்டாங்க போல" என்றாள். என் தகப்பனார் நெல் அரவை மில்லில் மூட்டை தூக்கியவர். என்னைச் செல்லமாக வளர்க்க அவருக்கு நேரம் ஏது? கடைசியில், "சரி, ஆயுதம் போட்டுருவோம்" என்றாள். சோற்றுக் கரண்டி போல இரண்டு இரும்பு. அதை உன் தலையின் இரண்டு பக்கமும் கொடுத்து இழுத்தாள். முதல் இழுப்பில் நீ வரவில்லை. கரண்டியைக் கழற்றி, வேறு மாதிரி மாட்டி, ஒரு காலைக் கட்டிலின் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். நான் படுத்திருந்த கட்டிலே அவள் பக்கம் நகர்ந்தது. சேற்றில் சிக்கிய வண்டியை மாடு கட்டி இழுப்பவன்கூட, வண்டி உடைந்துவிடுமோ என்று ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பான். அவளுக்கு அதுவும் தோன்றவில்லை.

நீ பிறந்தாய். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்தபோது பார்த்தேன், உன் வலது காதுக்கு மேலே, கீழே விழுந்த எவர்சில்வர் செம்பில் ஒடுக்கு விழுமே, அப்படி ஒரு குழி. அரை எலுமிச்சம்பழத்தை அதில் உட்கார வைக்கலாம். "என்ன டாக்டர் இது?" என்றேன். "ஒண்ணும் இல்ல, பச்சைக் குழந்தை எலும்பு, தானா எழும்பிரும். வயித்தக் கிழிக்காம சுகப்பிரசவம் பண்ணிக் குடுத்திருக்கேன், சந்தோஷப்படும்மா" என்று கையுறையைக் கழற்றினாள். சுகப்பிரசவமாம். நீயோ ஒடுங்கிக் கிடந்தாய், நானோ கிழிந்து கிடந்தேன். அதில் சுகம் கண்டது யாரென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் பாங்கை உன் காதில் சொல்ல உன் அத்தா குனிந்தார். அந்தக் குழி அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. எப்படியோ சொல்லி முடித்தார், உன் நெற்றியில் முத்தமிட்டார், மறுநாள் மெட்ராஸுக்குக் காரேறினார். விமானம் காத்திருக்காதல்லவா?

அவர் போன மறுநாள், வீட்டில் உன் இடது கை துடிக்க ஆரம்பித்தது. தையல் மிஷின் ஊசி போல ஒரே சீராக. கூடவே வாயின் இடது ஓரமும் இழுத்தது. என் அக்கா, உன் பெரியம்மா, எனக்குத் துணையாக வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள், பிடித்தும் துடிப்பு நிற்கவில்லை. "இது குளிர் இல்லடி, வேற என்னமோ" என்றாள். பெரியத்தா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "குளுருல நடுங்குது, போத்தி விடுங்க" என்று மருத்துவம் சொன்னார். நர்சிங் ஹோமுக்கு ஃபோன் போட்டால் டாக்டரம்மா, "பசிக்கு அப்படித்தான் வரும், சர்க்கரைத் தண்ணி குடுங்க" என்றாள். உன்னைக் குளிப்பாட்ட வந்தவளோ, குழியைப் பார்த்துவிட்டு, "அட, இதுக்கா அழுவுறீங்க? ரெண்டு பக்கமும் புடிச்சு நான் உருட்டி விடுறேன், தேங்கா மாதிரி உருண்டையா வந்துரும்" என்று எண்ணெய்க் கையோடு கிட்டே வந்தாள். "என் புள்ள தலையில கை வெச்சே, கைய ஒடிச்சுருவேன்" என்றேன். இப்படி ஆளுக்கு ஒரு வைத்தியம் கையில் இருந்தது. இந்தக் குழந்தைக்கு உள்ளே என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் பெரியத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டாக்டரம்மா நமக்கு வேண்டியவங்க. நீ பாட்டுக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க முகத்துல நாங்க எப்படி முழிக்கிறது?" "நீங்க முழிக்காதீங்க மச்சான், கண்ண மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டு, உன் பெரியம்மாவும் நானும் வாடகைக் காரில் ஏறினோம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் உனக்குத் தெரியும். அது மூடியிருந்தது. இன்ஜின் மாற்றுகிறார்கள், நேரமாகும் என்று எங்கள் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி பீடி பற்றவைத்தான். முன்னும் பின்னும் காரும் பஸ்ஸும் நின்றன. உனக்கு மறுபடி இழுப்பு வந்தது. இந்தத் தடவை உதடு நீலம் பாரித்தது. உன் பெரியம்மா கார்க் கதவைத் திறந்துகொண்டு, "புள்ள போயிரும், வழி விடுங்க" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "பாவம்" என்றார். அந்தப் பாவத்தை இன்றும் நான் மன்னிக்கவில்லை. உன் பெரியம்மா உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு கேட் கம்பிக்கு அடியில் புகுந்தாள். தையல் போட்ட உடம்போடு நானும் குனிந்து புகுந்தேன். கேட்காரர் கத்த, இன்ஜின் ஹாரன் அடிக்க, தண்டவாளத்தைத் தாண்டினோம். என் கால் வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திருவாரூர் நோக்கி நின்ற வண்டிகளில் முதலாவது, உர மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி. அதன் டிரைவர் எங்களைப் பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே? ஏறுங்க" என்றார். அவர் கேட்டது அந்த ஒன்றுதான். பின்னால் நின்ற பஸ்காரன் திட்டத் திட்ட வண்டியை ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, வந்த வழியே தஞ்சாவூருக்கு ஓட்டினார். எங்களை இறக்கிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டார். முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. நான் மதிக்கிற ஆண்கள் சொற்பம், அதில் அவர் ஒருவர்.

தஞ்சாவூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் உன்னை வாங்கிப் பார்த்த சர்ஜன் இளம் வயதுக்காரர். படம் எடுத்து வந்து, "ஆயுதமா?" என்றார். ஆமாம் என்றேன். பிறந்த குழந்தையின் எலும்பு பிங்பாங் பந்து போல, அழுத்தினால் உடையாமல் உள்ளே போகும், சில குழிகள் தானாகவே எழும்பவும் செய்யும் என்றார். "ஆனா அத படம் எடுத்துப் பார்த்துட்டுத்தாம்மா சொல்லணும். இவனுக்கு ஓரத்துல விரிசலும் விட்டிருக்கு. உள்ள ரத்தம் கட்டி மூளைய அழுத்துது. அதான் இழுப்பு. உடனே தூக்கி விடணும்." அந்த ஆயுதத்தையே தூக்கிக் குப்பையில் போட வேண்டாமா டாக்டர் என்று ஆத்திரத்தோடு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "குழந்தை உள்ள மூச்சுத் திணறும்போது அதே இரும்புதான் எத்தனையோ உசுர வெளிய கொண்டாந்துருக்கு. அது குழந்தையோட அவசரத்துக்கு. இவனுக்கு என்ன அவசரம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். தண்ணீர் கம்மி என்றேன். அவர் உன்னை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மருத்துவப் படிப்பின் மேல் எனக்கு எரிச்சல் இருப்பதாக நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். படித்தவர் கைதான் உன்னைக் கெடுத்தது, படித்தவர் கைதான் உன்னைக் காப்பாற்றியது. பின்னவர் உன்னைப் பார்த்த நேரத்தில் ஒரு தடவையும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, இழுப்பு நின்று, நீ பால் குடிக்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வந்தோம். மொட்டைத் தலையும் தையலுமாக இருந்த உன்னைப் பார்க்க ஊர் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். தாங்கள் செய்த காரியத்துக்கெல்லாம் அவனைப் பொறுப்பாக்கிவிடுவதில் நம் ஆட்களுக்கு இருக்கிற தைரியம் வேறு யாருக்கும் வராது. நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் காலையில் உன்னை எடுத்துக்கொண்டு அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். குல்லாய் போடாமல், துணி சுற்றாமல், தழும்பு எல்லோருக்கும் தெரியும்படி உன்னை மடியில் கிடத்திக்கொண்டு முன் ஹாலில் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வருவார்கள், உன்னைப் பார்ப்பார்கள், "என்னம்மா ஆச்சு புள்ளைக்கு?" என்பார்கள். "இங்கதான் பொறந்தான். ரெண்டு கரண்டியும் ஒரு காலும் வெச்சு இழுத்தாங்க" என்பேன். சத்தம் போடவில்லை, அழவில்லை, கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

கடைசியில் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். "என்ன வேணும் உனக்கு? பேஷண்டெல்லாம் பயப்படுறாங்க."

"பயப்படட்டும் டாக்டர். எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த ஹால்ல வந்து நின்னு, நான் அவசரப்பட்டு இழுத்தேன், அதான் இந்தப் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நானா அவசரப்பட்டேன்? உங்க வீட்டு ஆளுங்கதானே வந்து நின்னாங்க! உங்க வீட்டுக்காரருக்கு ஃப்ளைட் இருக்கு, அதுக்குள்ள புள்ளையக் கையில குடுத்துருங்கன்னு அவரோட அண்ணன் எத்தனை நடை நடந்தாரு! அவருகூட உங்க வீட்டுக்காரரும்தான் வந்தாரு. நீங்க கேட்டீங்க, நான் செஞ்சேன்."

"தண்ணி கம்மின்னு சொன்னீங்களே?"

"தண்ணியா? நான் எப்பச் சொன்னேன்?"

ஹாலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொன்ன நான், என் வீட்டுக்குள் நடந்ததை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்காக அவளை விட்டுவிடவும் இல்லை. "அவங்க மளிகைக் கடையில கேக்குற மாதிரி கேட்டாங்க டாக்டர். நீங்களும் கடைக்காரி மாதிரியே பொட்டலம் கட்டிக் குடுத்துட்டீங்க. இதுக்கு எதுக்கு அந்த வெள்ளைக் கோட்டு?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஆனால் பாடம் படித்துக்கொண்டாள். அதன் பிறகு அங்கே போன எவளுக்கும் ஆயுதம் போடவில்லை, எல்லோருக்கும் வயிற்றைக் கிழித்தாள். அவசரத்தை விடவில்லை, கரண்டியை மட்டும் கத்தியாக மாற்றிக்கொண்டாள். அதில் வரும்படியும் அதிகம் என்பதால் மேலே இன்னொரு மாடி எழும்பியது. என்னால் நடந்த சீர்திருத்தம் இவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து பெரியத்தாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா, சொன்னேன். தம்பி புள்ள மூஞ்சியப் பார்க்காமப் போவணுமா? உனக்காகத்தான் செஞ்சோம். பொம்பளைங்களுக்கு எதச் சொன்னாலும் பயம், அதான் தண்ணின்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னதால்தான் என் மகனின் மண்டையில் ஓட்டை விழுந்தது. பிறகு பூத்துக்குப் போய் ரியாத்துக்கு ஃபோன் போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்து நின்றார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே பேசினேன். "நீங்களும் போயி நின்னீங்களா?" என்றேன். "நின்னேன்" என்றார். "ஒரு தடவை கையில தூக்கிட்டுப் போயிடணும்னு ஆசைப்பட்டேன். இப்படி ஆவும்னு சத்தியமாத் தெரியாது." அவர் அழுதார். நான் அழவில்லை. ஆசை என்று சொல்லிவிட்டால் எதுவும் செய்யலாம் என்றால், உலகத்தில் குற்றம் என்று எதுவுமே மிஞ்சாது. "உங்க ஆசைக்கு என் புள்ள தலைதான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தேன்.

அடுத்து அவர் லீவில் வந்தபோது நீ நடக்கத் தொடங்கியிருந்தாய். எதையும் வலது கையால்தான் எடுப்பாய், இடது கை மூடியபடியே மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை ஒரு மாதிரி, படிப்பு ஏறாது என்று ஊர்க்காரர்கள் நீ பேசுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உன்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஒரு டீச்சர், "தலையில அடிபட்ட புள்ளன்னு சொன்னாங்களே, பாடம் புரியுமா?" என்று கேட்டாள். "உங்க தலையில யாரும் அடிக்கலையே, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் நீ வேறு பள்ளியில் படித்தாய். உன் அத்தா யாருக்கும் பதில் சொல்லவில்லை. தஞ்சாவூரில் கற்றுக்கொடுத்தபடி, லீவில் இருந்த ஒவ்வொரு நாளும் உன் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து விரித்துப் பழக்கினார். நீ கத்துவாய், கடிப்பாய், அவர் விடமாட்டார். உன் தங்கை பிறந்தபோது லீவே கேட்கவில்லை. அவள் தன் நேரத்துக்கு, தன் வழியில் பிறந்தாள். உன் அத்தா அவள் முகத்தைப் பார்க்கும்போது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. அந்த மனுஷன் மேல் எனக்கிருந்த இளக்காரம் அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

இப்போது உன் விஷயம். படித்தாய், கம்பெனியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாய், இன்றும் சட்டைப் பொத்தானை இடது கையால் போட உனக்குக் கொஞ்சம் நேரமாகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் டாக்டருக்கு ஃபோன் போட்டுப் பேசியிருக்கிறாய். வலியை மருந்தால் வரவைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நஸ்ரினுக்கு ரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ, டாக்டர் அந்த நிமிஷமே எதை வேண்டுமானாலும் செய்யட்டும். கரண்டி போடட்டும், கிழிக்கட்டும், நான் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அந்த அவசரம் தாயுடையது, பிள்ளையுடையது. நீ சொல்வது உன் கம்பெனியின் அவசரம். தாயின் வயிற்றில் இருப்பது யாருக்கும் லீவு விண்ணப்பம் போடவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்க்க ஆசை என்பாய். தெரியும், உன் வீட்டில் அந்த ஆசை பரம்பரையாக வருகிறது. உங்களுக்கு எல்லாம் ஆசைதான். அந்த ஆசைக்காகக் கட்டிலில் படுக்கப் போகிறவள் மட்டும் வேறு ஒருத்தி.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். இன்று காலை அவள் தன் தாய் வீட்டிலிருந்து எனக்கு ஃபோன் செய்தாள். "மாமி, எனக்குப் பயமா இருக்கு. வேணாம்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும், நான் பார்க்க வேணாம்னு நெனைக்கிறியான்னு கேப்பாங்க" என்றாள். தன் வயிற்றைக் காப்பாற்றுவதா, உன் மனதைக் காப்பாற்றுவதா என்று அந்தப் பெண் விழித்துக்கொண்டிருக்கிறாள். "அவன் மனசு கஷ்டப்படட்டும்மா, அது எலும்பு இல்ல, ஒடியாது" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அத்தா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை, முழங்கால் வலி வந்ததிலிருந்து கடைத்தெருப் பக்கமும் போவதில்லை. நான் ஃபோனை வைத்ததும் அவர் எழுந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே என்றேன். "திருவாரூருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். தனியாக விட மனமில்லாமல் நானும் பஸ்ஸில் கூடவே ஏறினேன். டாக்டரின் அறைக்கு வெளியே, மாசமாக இருந்த பெண்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் ஆண், தலையைக் குனிந்துகொண்டு தன் முறை வரும்வரை காத்திருந்தார். உள்ளே போனதும் உட்காரச் சொன்ன நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"நஸ்ரினோட மாமனாருங்க. என் மவன் துபாய்லேர்ந்து பேசுனான்ல, லீவுக்குள்ள முடிக்கணும்னு. அதக் கேக்காதீங்க டாக்டர். புள்ளைக்கோ தாய்க்கோ வேணும்னா என்ன வேணாலும் பண்ணுங்க. எங்களுக்காக ஒண்ணும் பண்ணாதீங்க."

அந்த டாக்டருக்கு நஸ்ரின் வயதுதான் இருக்கும். கொஞ்சம் கூச்சத்தோடு, "நான் பார்க்கலாம்னுதான் சொன்னேன், செய்யுறேன்னு சொல்லலை. நஸ்ரினுக்கு எல்லாம் நார்மலாத்தான் இருக்கு, காத்திருக்கிறதுதான் சரி. ஆனா உங்க பையன் ரொம்ப ஆசையாக் கேட்டாருங்க" என்றாள்.

"கேட்பான்" என்றார் உன் அத்தா. "நானும் கேட்டவன்தான்."

அன்றைக்கு ஃபோனில் ஒப்புக்கொண்டதோடு சரி, இத்தனை வருஷமாக என் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். கொரடாச்சேரி தாண்டும்போது, "அவனுக்கு நீ எழுதுறதுன்னா, கொஞ்சம் நல்ல வார்த்தையாப் போட்டு எழுது" என்றார். யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த நல்ல வார்த்தைகள் இவைதான்.

டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றிக்கொண்டு வா. முடியாவிட்டால் வந்து, உன் பெண்டாட்டியோடு இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போ. உன் பிள்ளை நீ போன பிறகு வந்தாலும் வரட்டும், முழுத் தலையோடு வரட்டும்.

உன் அம்மா.